தம்பியல்லாத தம்பிக்கு, கிட்னி விஷயமாக

கேனி லேண்டிங், டென்னசி
அக்டோபர், 1998

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

அண்ணன் ஆர்வில் எழுதிக்கொண்டது. முதல் வரியிலேயே தப்பு வந்துவிட்டது பார். நீ என் தம்பி இல்லை என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். ஆனால் கை தன் பழக்கத்துக்குத் தம்பி என்று எழுதிவிட்டது. அடித்து எழுதலாம் என்றால் இது டார்லீன் வாங்கி வந்த நல்ல தாள், ஓரத்தில் பூப்போட்டது, வீணாக்க மனம் வரவில்லை. ஆகவே தம்பி என்று வரும் இடத்திலெல்லாம் தம்பி இல்லை என்று நீயே திருத்திப் படித்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரி வெர்னாவும் உன் கோழிப் பண்ணையும் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால் நம்புவதற்கு இந்த ஊரில் ஒரு நாய்கூடக் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மல்யுத்தத் தொழிலில் முதுகு வலிக்கு மாத்திரை, முட்டி வலிக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் வந்த வயிற்று வலிக்கு வேறு மாத்திரை என்று நாம் கடலை மாதிரி கொறித்தோமே, அதெல்லாம் சேர்ந்து என் இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் என்னை ஒரு மெஷினில் மாட்டி ரத்தத்தைத் துவைத்து உள்ளே அனுப்புகிறார்கள். தக்காளி கூடாது, பீன்ஸ் கூடாது, உப்புக்கண்டம் கூடாது. கெளுத்தி மீன் பொரித்த வாசனை வந்தால் நான் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மெம்பிஸில் என்னைப் பார்க்கிற டாக்டர் வின்ஸ்டெட் சின்ன வயசுக்காரர், தங்கமான மனுஷர். அவர் போன மாதம், "கூடப் பிறந்தவங்க யாராவது ஒரு கிட்னி குடுத்தா ரொம்ப நல்லது, உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் டார்லீன், "இருக்காரே, எங்க சித்தப்பா!" என்று துள்ளிக் குதித்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே உனக்குப் போன் போட்டுவிட்டாள்.

நீ என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா டார்லீன், உட்காரு, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்திருக்க வேண்டும். நீயோ, "இடதா, வலதா? எது வேணும்னு உங்கப்பனைக் கேளு" என்றாயாம். பிள்ளை அழுதுகொண்டே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்குத் தலை சுற்றியது. மெஷினால் சுற்றியதா உன்னால் சுற்றியதா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்றே நான் தனியாக உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா?

"டெல்மர், நல்லாக் கேட்டுக்கோ. நீ என் தம்பி இல்ல."

நீ குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல யாருண்ணே?" என்றாய்.

"யாரும் இல்லடா. நானும் நாயும்தான்."

"சரி சரி, புரியுது. இப்பப் பேச முடியாது. அடுத்த மாசம் வர்றேண்ணே" என்று போனை வைத்துவிட்டாய்.

என்ன புரிந்தது உனக்கு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் வெர்னா பிரிப்பாள், அவளிடம் நீ எவ்வளவு சொல்லியிருக்கிறாயோ தெரியாது என்று உன் கோழித் தீவனக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால் ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாம் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டது மெம்பிஸில், மல்யுத்த ஆட்டம் நடத்துகிற ரூஃபஸ் லேங்க்ஃபோர்டின் ஆபீசில். நான் பருத்திக் காட்டிலிருந்து வந்தவன், நீ அலபாமாவில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தவன். அதற்கு முந்தின நாள் நீ செத்தாயா பிழைத்தாயா என்று எனக்குத் தெரியாது. லேங்க்ஃபோர்டு சுருட்டைக் கடித்துக்கொண்டு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே பக்கமா உடைஞ்சிருக்கு. இனிமே நீங்க அண்ணன் தம்பி. ரஷ்யாக்காரங்க. பரன்கோவ் பிரதர்ஸ்" என்றார். என் மூக்கை உடைத்தது ஒரு கோவேறு கழுதை, உன் மூக்கை உடைத்தது உன் முதல் கல்யாணத்து மாமனார். இதுதான் டெல்மர், நம் ரத்த பந்தம் முழுக்க. ஒரு கழுதையும் ஒரு மாமனாரும்.

அதோடு அவர் அந்தச் சட்டத்தையும் சொன்னார்: வேஷம் ரிங்குக்குள் மட்டும் இல்லை, வெளியிலும் கலையக் கூடாது, பெற்ற பிள்ளையிடம்கூடக் கலையக் கூடாது, கலைத்தவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அன்றிலிருந்து டென்னசி முழுக்க எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் நாம் இங்கிலீஷ் பேசவில்லை. நீ மீனைக் காட்டினாலும் சரி கோழியைக் காட்டினாலும் சரி, ஜாக்சன் ஊர் சர்வர் பெண் ரஷ்யாக்காரனுக்கு ஈரல்தான் பிடிக்கும் என்று தானாக முடிவு செய்து வருஷக்கணக்காக உனக்கு ஈரலையே வைத்தாள். நீ அழுதுகொண்டே தின்றாய். எனக்குப் பல் பிடுங்கியபோது வலது பக்கப் பல் என்று சொல்ல வழியில்லாமல் இடது பக்கம் நல்ல பல்லைப் பறிகொடுத்தேன். நாஷ்வில்லில் ஒரு நிஜ ரஷ்யக் கிழவர் ஓடி வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினார். நாம் வழக்கம்போல "ஷ்கோவ், பிளோவ், நியெட்" என்று உளறினோம். அந்த மனுஷர் கண்கலங்கி, நாம் ரொம்ப உள்ளே இருக்கிற மலைக்காரர்கள், பாவம், பள்ளிக்கூடம் பார்த்ததில்லை என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னாரே! ரஷ்யாக்காரன் என்ற கோபத்தில் கூட்டத்திலிருந்து தொப்பி ஊசியால் என் பின்பக்கம் குத்திய அம்மாளை நான் எழுதப் போவதில்லை. உட்காரும்போதெல்லாம் அந்த அம்மாள் தானாக ஞாபகத்துக்கு வருகிறாள்.

ஒன்றை மட்டும் நல்லபடியாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்சனில் நீ கயிற்றுக்கு மேலிருந்து தலைகீழாக விழுந்து அசையாமல் கிடந்தாய். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் கத்துகிற மாதிரிக் கத்தி, உன் மேல் விழுந்து புரண்டு, உன் கையைப் பிடித்தேன். நீ கண்ணைத் திறக்காமல் என் மணிக்கட்டை ஓர் அழுத்து அழுத்தினாய். ஒன்றும் இல்லை, ஆட்டத்தை நடத்து என்று அர்த்தம். அந்த ஓர் அழுத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன்பிறகு எத்தனை ஊரில், எத்தனை தடவை அந்தக் கை என்னை அழுத்தியிருக்கிறது. நான் அறிந்த ஒரே ரஷ்ய பாஷை அதுதான்.

பிறகு டார்லீன் பிறந்தாள். பிள்ளைக்கு வாய் ஓயாது, பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடும் என்று லேங்க்ஃபோர்டு பயந்தார். அப்பா ரஷ்யன் இல்லை என்பதைப் பிள்ளையிடம் மறைக்க முடியாது, பாட்டி வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. ஆகவே பாதியைச் சொன்னோம், பாதியை மறைத்தோம். ரஷ்யா பொய், தம்பி நிஜம் என்றோம். "அப்ப ஏன் அப்பாவுக்குக் குடும்பப் பேரு டில்மன், சித்தப்பாவுக்கு பீட்டஸ்?" என்று பிள்ளை கேட்டதற்கு, அம்மா ஒன்று, அப்பா வேறு வேறு என்று நீ யோசிக்காமல் சொல்லிவைத்தாய். என் அம்மாவின் காதுக்கு அது சர்ச்சில் வைத்துப் போய்ச் சேர்ந்தது. ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிற பொம்பளைக்கு அலபாமாவில் ஒரு பிள்ளை இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. அம்மா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நன்றி நாள் விருந்துக்கு உனக்கும் ஒரு தட்டு வைத்தாள், வான்கோழியின் கால் துண்டு உனக்குத்தான் போனது, எனக்குக் கழுத்து. அதைக் கேட்கவா செய்தேன்?

இப்போது வருகிறது பெரிய வினை. எழுபத்துநாலில் கூட்டம் குறைந்தபோது அண்ணன் தம்பியைப் பிரித்துச் சண்டை போட வைத்தால் கூட்டம் வரும் என்றார் லேங்க்ஃபோர்டு. சனிக்கிழமை காலை டி.வி.யில், ஊரே பார்க்க, நான் உன் ரஷ்ய வேஷத்துச் சிவப்புக் கோட்டைக் கிழித்து, "இவன் என் தம்பியே இல்ல! இவனுக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது!" என்று கத்தினேன். அதுவரை இங்கிலீஷே தெரியாத ரஷ்யன் எப்படிக் கடகடவென்று டென்னசிக்காரன் மாதிரிப் பேசினான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் அவ்வளவு துக்கம். கிறிஸ்துமஸுக்கு நாம் இரும்புக் கூண்டுக்குள் சண்டை போட்டு முடித்துக் கட்டிப்பிடித்துச் சமாதானமானபோது மெம்பிஸ் அரங்கமே மூக்கைச் சிந்தியது.

டெல்மர், என் வாழ்க்கையில் நான் பொதுஜனத்துக்கு முன்னால் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் பொய்யாகச் சொல்லித் தீர்த்துவிட்டேன். இப்போது உண்மையாகச் சொன்னால் ஒருவனும் நம்புகிறானில்லை.

டார்லீனை உட்கார வைத்துச் சொன்னேன். "அப்பா, எனக்கு எட்டு வயசுல இதையேதான் டி.வி.ல சொன்னீங்க. நான் மூணு நாள் சாப்பிடல. மறுபடியும் ஆரம்பிக்காதீங்க" என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அவள் கழுவிய வேகத்தில் இரண்டு தட்டு போயிற்று.

டாக்டர் வின்ஸ்டெட்டிடம் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "ஐயா, நான் சின்னப் பிள்ளையா அந்தச் சண்டையப் பார்த்தவன். எங்க தாத்தா உங்க மேல வேகவெச்ச கடலையப் பொட்டலத்தோட வீசினாரு" என்றார்.

"அது அவர்தானா? சுடச்சுட இருந்துச்சு."

"மன்னிச்சுக்குங்க. ஆனா இவ்வளவு வருஷம் ஆச்சு, பழைய பகைய விட்டுடுங்க. உயிர் பெருசா, வீம்பு பெருசா?"

"பகை இல்ல டாக்டர், அவன் நிஜமாவே என் தம்பி இல்ல."

"மூக்கு அப்படியே ஒண்ணா இருக்கே!" என்றார். கழுதையைப் பற்றி நான் அவருக்கு என்னவென்று சொல்வேன்?

அதோடு விடவில்லை. டார்லீன் போய்ச் சொல்லி, பாஸ்டர் வீட்டுக்கே வந்து, காயீன் ஆபேலில் ஆரம்பித்து யோசேப்பின் சகோதரர்கள் வரைக்கும் எனக்கு ஒப்பித்தார். "ஆர்வில், தம்பிய மறுதலிக்காதே" என்று கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார். நானும் ஆமென் சொன்னேன். என்னத்துக்குச் சொன்னேன் என்று கேட்காதே. தூண்டில்புழு வாங்க என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்போது என்னைக் கல்நெஞ்சன் மாதிரிப் பார்க்கிறார்கள். வில்லனாக வேலை பார்த்த நாளில்கூட இவ்வளவு பேர் என்னை வெறுத்ததில்லை.

இதெல்லாம் போகட்டும். என் பயம் வேறு. நீ இரும்பு நாற்காலியால் தலையில் வாங்கியதெல்லாம் நிஜ நாற்காலி. அது எனக்குத் தெரியும், பல தடவை அடித்தவனே நான்தான். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் அம்மா கல்லறையில் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அம்மா, உன் சின்ன மகன் வந்திருக்கேன்" என்று தேம்பினாயே, அது என்ன? டார்லீன் உனக்குக் கைக்குட்டையை நீட்டினாள். டார்லீனோடு சாப்பிடும்போது அவளுக்குப் பெயர் வைத்த கதை வந்தபோது, "எங்க அண்ணன் பிறந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாய். நீ என்னைவிட மூன்று வயசு சின்னவன், எப்படிடா இருப்பாய்? ஆனால் அதே நீ, ஏரியில் நாம் தனியாகப் படகில் இருந்தபோது, உங்கள் அப்பா காட்டில் சாராயம் காய்ச்சியதையும் ஷெரிப் வந்து பானையை உடைத்ததையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாய். அப்படியானால் உனக்கு நினைவு இருக்கிறது. ஒருவேளை அன்றைக்கு மட்டும் இருந்ததோ? எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

இதில் நான் கேட்பது ஒன்றுதான். நீ தெரிந்து கொடுக்கிறாய் என்றால் அது வேறு விஷயம், அதை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா என்று நான் அப்புறம் யோசித்துக்கொள்கிறேன். ஆனால் மண்டை கலங்கி, நிஜமாகவே கூடப் பிறந்த அண்ணன் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கிறாய் என்றால், நான் உன்னிடம் திருடியவன் ஆவேன். ஆயிரம் பேருக்கு முன்னால் உன் கண்ணில் உப்பைத் தூவியிருக்கிறேன், அதற்கு நீ சம்மதித்திருந்தாய். இதற்கு நான் மாட்டேன். மெஷினிலேயே கிடந்து சாகிறேன். எனக்கு நீ பிழைத்துக் கிடந்தால் போதும்.

ஆகவே கிளம்பி வராதே. வெர்னா பார்க்காத நேரத்தில் ஒரே ஒரு வரி எழுதிப் போடு: உன்னைப் பெற்றவள் பெயர் என்ன? அவ்வளவுதான். பதிலைப் பார்த்துவிட்டு நான் தூங்குவேன், அல்லது தூங்க மாட்டேன்.

வெர்னாவை ரொம்பக் கேட்டதாகச் சொல். பீச் பழ ஊறல் ஜாடியைத் திருப்பி அனுப்பவில்லை என்று கோபிக்க வேண்டாம், அதில் டார்லீன் பொத்தான் போட்டு வைத்திருக்கிறாள். உன் கோழிகளுக்குச் சீக்கு வராமல், கூரை பறக்காமல், உனக்கு அந்தத் தோள் வலி குறைந்து எல்லா நன்மையும் உண்டாகக் கர்த்தர் துணை இருப்பாராக.

இப்படிக்கு,
எந்த வகையிலும் உன் அண்ணன் அல்லாத,
ஆர்வில் டில்மன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி டார்லீனிடம் கொடுத்தேன். அது அவள் வண்டியின் சீட்டுக்கடியில் கிடந்திருக்கிறது. அதற்குள் நீ வந்து, இரண்டு கையிலும் ரத்தம் கொடுத்து, என் வீட்டு சோபாவை உடைத்து, கோழிகளைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கும் போய்விட்டாய். ஆனாலும் இதை அனுப்புகிறேன், ஏனென்றால் அன்று டாக்டர் அறையில் நடந்ததைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் முடியவில்லை. டார்லீன் நடுவில் உட்கார்ந்துகொண்டே வந்தாள்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டுத் தயங்கித் தயங்கி, "ரத்த வகை நல்லா சேருது. ஆனா... எப்படிச் சொல்றது, ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு சொல்ற மாதிரி இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். சரி, உண்மை தானாக வெளியே வந்துவிட்டது, என் தலையிலிருந்து பாரம் இறங்கிற்று என்று நான் நினைத்தேன். நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "யாருய்யா சொன்னது? எங்கம்மா மேலயா பழி போடுற? செத்துப்போன பொம்பளைய்யா!" என்று முழங்கினாய். வராந்தாவில் நர்சுகள் ஓடி வந்தார்கள். போச்சு, இவன் மண்டை நிஜமாகவே போச்சு என்று முடிவே செய்துவிட்டேன். அப்போதுதான், மேசைக்குக் கீழே, உன் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: உன் மண்டை கலங்கவில்லை, நீ இன்னும் வேஷம் கலைக்காமல் இருக்கிறாய். யோசித்துப் பார்த்தால் நீ உளறிய ஒவ்வொரு தடவையும் டார்லீன் பக்கத்தில் இருந்திருக்கிறாள். போனில் பேசிய அன்று வெர்னா உன் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம், டார்லீன் சொன்னாள். கட்டிய பெண்டாட்டியிடமும் இத்தனை வருஷமா சொல்லவில்லை? லேங்க்ஃபோர்டு செத்து மண்ணாகிவிட்டார்டா!

நான் என்ன செய்தேன் என்று நீதான் பார்த்தாயே. நானும் எழுந்து, மேசையை ஓங்கிக் குத்தி, "என் தம்பியத் தம்பி இல்லேன்னு எவன்டா சொல்றது?" என்று கத்தினேன். மேலே எழுதிய அத்தனை பக்கமும் அந்த ஒரு குத்தில் போயிற்று. டாக்டர் பயந்து பின்வாங்கி, "இல்லைங்க, கோபப்படாதீங்க, இப்பல்லாம் சிநேகிதங்களே குடுக்கலாம், தம்பியா இருந்தாத்தான்னு இல்ல" என்றார். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷர். டார்லீன் நம் இருவரையும் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "அந்த டெஸ்டுதான் தப்பு டாக்டர், மூக்கப் பாருங்க" என்றாள்.

ஆகவே படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, வெர்னா கண்ணில் பட வேண்டாம். ஆபரேஷனுக்கு வரும்போது நம் ரஷ்ய வேஷத்துக் கம்பளித் தொப்பியையும், தைத்துவைத்திருந்தால் அந்தச் சிவப்புக் கோட்டையும் மறக்காமல் கொண்டுவா. டாக்டரின் தாத்தா நம்மைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம். தொண்ணூறு வயசுக் கிழவர், நாம் ரஷ்யர்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஒரு பை வேகவைத்த கடலையும் கொண்டுவருகிறாராம், தின்னக் கொடுக்கவா, வீசவா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எதற்கும் மயக்க மருந்து ஏறும்வரைக்கும் இங்கிலீஷ் பேசாதே, தம்பி.